கார் ஷெட்டில் அலறிய அலுமினியம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் கார் ஷெட்டிலிருந்து கிளம்பிய சத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. கரும்பலகையில் நகத்தால் கீறினால் பல் கூசும் அல்லவா, அதை ஒலிபெருக்கியில் போட்டால் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகக் கணக்கு நடத்தியவள் நான். அந்தக் கூச்சமெல்லாம் எனக்கு மரத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டு கையும் காதில் இருந்தால் மெஷினை நிறுத்துவது யார்? சிவப்புப் பொத்தானை முழங்கையால் இடித்து நிறுத்தினேன்.

பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா கையில் தோசைக்கரண்டியோடு காம்பவுண்டுச் சுவருக்கு ஓடி வந்தார்.

"ஏனுங் டீச்சர், என்னாச்சுங்க? கையி கிய்யி மாட்டிக்கிச்சா?"

"இல்லீங்கக்கா, அலுமினியம் வெட்டறனுங்க."

"வெட்டறீங்களா! நான் எதையோ கொல்றீங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க."

ஷெட்டுக்கும் எங்கள் முன்னறைக்கும் நடுவே ஒரு ஜன்னல் உண்டு. அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம், எட்டிக் கை வைத்தால் தொடும் தூரத்தில், என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அப்பாலிருந்து ராஜாமணி அக்கா ஓடி வந்துவிட்டார். இவர் பேப்பரில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் மெஷின் ஷாப் வைத்திருப்பவர். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் தொழில். சத்தத்தை வைத்தே எந்த மெஷினுக்கு என்ன நோவு என்று சொல்கிறவர். அப்படிப்பட்டவர் இந்த அலறலைக் கேட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால், 'படட்டும், பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்' என்றுதானே அர்த்தம்?

அப்படித்தான் நினைத்தேன்.

சும்மா இருக்கத் தெரியாதவள்

இந்த மெஷின் என் ஷெட்டுக்கு வந்த கதையைச் சொல்லாவிட்டால் மேலே போக முடியாது.

வேலையை விட்ட பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால் மனசு எழுந்து நடக்கும். மொட்டை மாடியில் தக்காளி போட்டேன், தக்காளி காய்ப்பதற்குள் சலித்துவிட்டது. எம்பிராய்டரி வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றேன். பீரோவை இடம் மாற்றினேன், மறுபடியும் பழைய இடத்துக்கே தள்ளினேன். மகள் புனேயில் வேலையில் இருக்கிறாள். "அம்மா, நீ உன்னையும் தூங்க விடல, பீரோவையும் தூங்க விடல" என்பாள்.

ஒருநாள் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. எந்த நாடோ தெரியாது, ஒரு அம்மாள் சமையல்கட்டு மேடையில் சின்னதாக ஒரு மெஷினை வைத்து மரப்பலகையில் தன் ஊரின் வரைபடத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால் கட்டர் தானாக நடந்து நடந்து வெட்டுகிறது. எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று அச்சு. அட, இது நான் நடத்திய பாடம்தானே! அன்றைக்கே அந்த மெஷினைப் பாகம் பாகமாக வாங்கி நாமே கோத்துக்கொள்ளும் 'கிட்' ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன்.

பெட்டிகள் வந்தன. நட்டு, போல்ட்டு, கம்பி, பெல்ட் என்று முன்னறை முழுக்கப் பரப்பி நானே கோத்தேன். இவர் ஷாப்பிலிருந்து வந்ததும் அதன் சட்டத்தை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"ஏன் அம்மணி, இதென்ன, பொம்மைக் கல்யாணத்துக்குச் சீர் குடுக்கவா?"

அந்த ஒரு வார்த்தை போதும். அங்கேயே ஒப்பந்தம் போட்டேன். நான் உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க மாட்டேன், நீங்கள் என் ஷெட்டுக்குள் ஒரு அடி வைக்கக் கூடாது. சிரித்துக்கொண்டே சரி என்றார்.

கோயமுத்தூரில் மெஷின் வாங்கினேன் என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பொழுதுபோக்குக்கு வாங்கினேன் என்றால்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் என் பெரியப்பா மகன் விஷயம் கேள்விப்பட்டு, தேய்ந்துபோன ஒரு தறிச் சாமானை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டே வந்துவிட்டார்.

"இதே மாதிரி பண்ணிக் குடு அம்மணி. அவசரமெல்லாம் இல்ல, நாளைக்குக் கெடச்சாப் போதும்."

"அண்ணா, நான் ஜாப் எல்லாம் எடுக்கறதில்லீங்க. சும்மா பொழுதுபோக்குக்குங்க."

"பொழுதுபோக்குக்கு மெஷினா?" தறிச் சாமானை மறுபடி பைக்குள் போட்டார். "சரி, எத்தன ஷிஃப்ட்டு?"

பூஜ்யம் எங்கே இருக்கிறது?

முதலில் கெடுத்தது எங்கள் பழைய சாப்பாட்டு மேசையை.

இந்த மெஷினுக்குக் கண் கிடையாது. பலகையின் மேல்பரப்பு எங்கே இருக்கிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதுதான் அதற்குப் பூஜ்யம். அங்கிருந்துதான் அது ஆழத்தை எண்ணும். நான் மேசையின் பரப்பில் பூஜ்யம் வைத்துவிட்டு, அதன்மேல் பலகையை வைத்துவிட்டேன். கட்டர் பலகையைத் துளைத்துக்கொண்டு நேராக மேசைக்குள் இறங்கி, அங்கே மிக அழகாக என் பெயரின் முதலெழுத்தை எழுதத் தொடங்கியது. பூஜ்யத்தைப் பற்றி எத்தனையோ பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவளுக்குப் பூஜ்யம் எங்கே என்று தெரியவில்லை. நல்லவேளை, அன்றைக்கு இவர் வீட்டில் இல்லை. மேசைமேல் ஒரு விரிப்பைப் போட்டு மூடினேன். இன்றுவரை அந்த விரிப்பை எடுத்ததில்லை.

அப்புறம் கட்டர்கள் ஒடிந்தன. ஒன்று பறந்துபோய்க் கொடியில் காய்ந்த வேட்டியில் குத்தி நின்றது. பலகை நகர்ந்து எழுத்து கோணியது. ராஜாமணி அக்காவுக்குச் செய்த பெயர்ப்பலகையில் 'இல்லம்' என்பதற்கு இடம் பற்றாமல் 'இல்' என்பதோடு நின்றுவிட்டது. அவர் அதையும் வாசலில் மாட்டி, கேட்பவர்களிடம் "அது பழந்தமிழுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போகப் போகக் கை பழகியது. சுவர்க் கடிகாரம் செய்தேன், மகளுக்கு மடிக்கணினித் தாங்கி செய்து அனுப்பினேன். மரத்தூள் வாசம் சேலையிலேயே தங்கிவிட்டது. மரம் அலுத்ததும் உலோகத்துக்குப் போனேன். எனக்கு ஒன்று வந்துவிட்டால் அடுத்ததற்குத் தாவ வேண்டும், அது என் பிறவிக் கோளாறு.

எங்கள் வீட்டுச் சந்தகை அச்சின் துளைத்தகடு தேய்ந்துபோயிருந்தது. சந்தகையை இடியாப்பம் என்று சொன்னால் எங்கள் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மாவைப் பிழிந்து வேகவைத்தால் இடியாப்பம். வேகவைத்ததைச் சூடு ஆறுவதற்குள் பிழிந்தால் சந்தகை. நூல் நூலாக விழ வேண்டியது எங்கள் வீட்டில் கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது. கடைத் தகடு எதுவும் அச்சுக்குப் பொருந்தவில்லை. நாமே ஒன்று செய்துவிடலாம் என்று ஒரு அலுமினியப் பலகை வாங்கினேன். துளைகள் ஒழுங்காக விழுந்தன. வட்டத்தைச் சுற்றி வெட்டி எடுக்கும்போதுதான் அந்த அலறல்.

மோட்டார் பார்த்த மாப்பிள்ளை

இவருடைய காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என்னைப் பெண் பார்க்க இவர் வீட்டார் எங்கள் ஊரான கொடுமுடிக்கு வந்தபோது நான் காப்பித்தட்டோடு நிற்கிறேன், மாப்பிள்ளை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வேறெதையோ கவனிக்கிறார். பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று என் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இவர் மெதுவாக என் அப்பாவிடம், "மாமா, தோட்டத்து மோட்டார்ல பேரிங் போயிருச்சுங்க. இன்னைக்கே நிறுத்திப்போடுங்க, இல்லீனா உள்ள காயில் கம்பியே எரிஞ்சுரும்" என்றார். கழற்றிப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருந்தது. அப்பா அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். என்னைப் பார்த்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பஸ்ஸில் போனால் கியர் பெட்டியைப் பற்றிச் சொல்வார். கல்யாண வீட்டில் ஜெனரேட்டரைக் குறை சொல்வார். ஷாப்பில் ஓடும் மெஷின்களுக்கு நடுவே கண்ணை மூடி நின்று, "மூணாவது மெஷின்ல டூல் மழுங்கிருச்சு பாரு" என்பார். தொழிலில் இவர் பேரே அந்தக் காதுதான்.

வேண்டுமென்றே

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே வட்டத்தை வெட்ட உட்கார்ந்தேன். இந்த முறை காதில் பஞ்சு. இவரோ அதே ஜன்னலோரத்தில், அதே பேப்பரோடு. மனிதர் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிப்பார் பார்க்கலாம் என்று, எதையும் திருத்தாமல் வேண்டுமென்றே ஓட்டினேன். அலுமினியம் கதறியது. ராஜாமணி அக்கா வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடிக்கிற ஆளுக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் காட்டிக்கொடுக்கும். புருவம் துடிக்கும், இல்லை தாடை இறுகும். இவர் முகத்தில் எதுவுமே இல்லை. சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

மெஷினை நிறுத்திவிட்டு, "காப்பி வேணுங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"போடு அம்மணி" என்றார்.

காப்பி கேட்கிறது, அலறல் கேட்கவில்லை. அடுப்படியில் நின்றபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கியது. குக்கர் விசில் அடிப்பது இவருக்குத் தெரிவதே இல்லை. வாசல் மணி அடித்தால் நான்தான் போகிறேன். மகள் போன் பண்ணினால் ஒரு நிமிஷத்தில் "சிக்னல் இல்ல கண்ணு" என்று என்னிடம் நீட்டிவிடுகிறார். அவள் குரல் கொஞ்சம் கீச்சுக் குரல். கீச்சென்று இருப்பது எதுவுமே இவர் காதில் விழவில்லை. போன வாரம்தான் என்னிடம் கேட்டிருந்தாள், "அப்பாவுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமாம்மா?" என்று.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உள்ளங்கை

மறுநாள் சாப்பாட்டுக் கேரியரைச் சாக்காக வைத்துக்கொண்டு ஷாப்புக்குப் போனேன்.

இவர் பெரிய லேத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலையைச் சாய்த்துக் கேட்கவில்லை. ஓடுகிற மெஷின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, நாடி பார்ப்பவர்போல் நின்றார். கை மெதுவாக நகர்ந்து 'சக்' பக்கமாகப் போனது. சக் என்பது இரும்பைப் பிடித்துக்கொண்டு சுழலும் தலை. அது சுற்றுகிற வேகத்தில் துணி நுனி மாட்டினாலும் கையையே இழுத்துக்கொண்டு போய்விடும். சட்டைக்கை மடிப்பு அதற்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூப்பிடவும் பயம். கூப்பிட்டுத் திரும்பினால்?

ஷாப்பில் ஆரம்பத்திலிருந்து இருக்கும் பழனிச்சாமி என் கையிலிருந்து கேரியரை வாங்கிக்கொண்டார். தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஓனரு இப்பல்லாம் கை வெச்சுத்தானுங்க பாக்கறாரு. வேண்டாமுங்கன்னு நாங்களும் சொல்லிப்போட்டமுங்க. கேக்க மாட்டீங்கறாரு."

சாயங்காலம் வீட்டில் பேச்சை எடுத்தேன். குதித்தார்.

"என்னைச் செவிடுங்கறயா?"

"டாக்டர்கிட்ட ஒருக்காப் போலாங்கறேன்."

"போனா என்ன சொல்லுவான்? காதுல மாட்டிக்கன்னு ஒரு மெஷின் குடுப்பான். அதை மாட்டிக்கிட்டு ஷாப்புல நின்னா எவன் அம்மணி எனக்கு ஜாப் குடுப்பான்? காது போயிருச்சு, ஆளும் போயிட்டான்னு நாலு தெரு பேசும்."

"கை போனாத்தான் போலாமா?"

டி.வி.யைப் போட்டார். அதன் சத்தமும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒப்பந்தம் முறிந்தது

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு பேருக்கும் நிலைகொள்ளவில்லை. அவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். நான் ஷெட்டுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஒருவரை ஒருவர் கடந்து போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டோம்.

ஒரு காலையில் பாதி வெட்டிய வட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வேகத்தைக் கூட்டினாலும் கத்துகிறது, குறைத்தாலும் கத்துகிறது. எழுந்து ஜன்னலுக்குப் போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

"ஏனுங்க, உள்ள வாங்க. எனக்குத் தெரியலீங்க."

வீம்பு பிடித்தவள் நான். ஆனாலும் ஒப்பந்தத்தை நானே முறித்தேன்.

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிறவர்போல் வந்தார். மெஷினை ஓட்டச் சொன்னார். அலறல் ஷெட்டை நிறைத்தது. நான் காதைப் பொத்தினேன். அவர் சட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். கட்டரை வெளியே அவ்வளவு நீட்டிப் பிடிக்காதே என்றார். நிறுத்தி, அதை உள்ளே தள்ளி இறுக்கினார். ஒரே வெட்டாக ஆழமாகப் போகாதே, மேலோட்டமாகப் பலதரம் போ என்றார். மண்ணெண்ணெய் கொஞ்சம் சொட்டச் சொன்னார். மறுபடி ஓடவிட்டதும் கட்டர் வெண்ணெயில் போவதுபோல் போனது. சின்னதாக ஒரு ரீங்காரம், அவ்வளவுதான்.

அவர் மெஷினைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாயிருச்சா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். அவர் கையை எடுக்காமலேயே நின்றார்.

"கையில தெரியுது அம்மணி. காதுல ஒண்ணுந் தெரியல. ரொம்ப நாளாவே தெரியல."

எனக்கு அழுகை வந்தது. அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, மகள் கேட்டதைச் சொன்னேன். "எம்மேல கோவமான்னு கேக்கறாளுங்க." அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். வட்டம் முழுசாக அறுந்து, தகடு தனியே விழும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றிருந்தோம்.

அந்தத் தகட்டில் சந்தகை நூல் நூலாக விழுந்தது. தேங்காய்ப்பாலை ஊற்றிச் சாப்பிட்டு முடித்துவிட்டு, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காரமடை தாண்டி ஒரு எடத்துல காது பாக்கறாங்களாமா. அங்க நம்மளை ஒருத்தருக்கும் தெரியாது."

ஆக, மனிதர் முன்னமே விசாரித்து வைத்திருக்கிறார்!

காரமடை தாண்டி

இவர் காரைச் சந்துக்குள் நிறுத்திவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து இறங்கினார்.

உள்ளே நாற்காலி வரிசையில் ஒருவர் முகத்துக்கு நேரே பேப்பரைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பேப்பருக்குக் கீழே தெரிந்த செருப்பும் மடித்துக் கட்டிய வேட்டியும் எனக்குத் தெரிந்தவைபோல் இருந்தன. பேப்பர் கொஞ்சம் இறங்கியது. ரங்கசாமி அண்ணன்! எங்கள் ஷாப்புக்கு அடுத்த தெருவில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருப்பவர். பக்கத்தில் அவர் மனைவி.

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்து விறைத்துப்போனார்கள். முதலில் சுதாரித்தது இவர்தான்.

"ஊட்டுக்காரிக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க. அதான் கூட்டிட்டு வந்தேன்" என்று என்னைக் காட்டினார்.

"அட, நம்மூட்லயும் அதே கதைதானுங்க" என்று ரங்கசாமி அண்ணன் தன் மனைவியைக் காட்டினார்.

அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் காது கேட்காதவர்கள்போல் மரியாதையாக உட்கார்ந்துகொண்டோம். சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இவரை முதலில் கூப்பிட்டார்கள். ரங்கசாமி அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. அதற்குள் ஒரு நாற்காலி. தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். பரிசோதனை செய்யும் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு பெட்டியின் குமிழைத் திருகிப் பொத்தானை அமுக்கினாள். வெக்கைக்காக அறைக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தாள்.

இவர் அமுக்கினார். மறுபடி அமுக்கினார். அவள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்து என்னிடம் திரும்பினாள்.

"அங்கிளுக்கு நல்லாத்தானுங்க ஆன்ட்டி கேக்குது."

எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். அது அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் விரல் பெட்டியில் அழுந்தும்போதெல்லாம் இவர் கட்டைவிரலும் அழுந்தியது. காலமெல்லாம் மெஷின் ஓட்டுகிறவர்களின் கையைப் பார்த்தே பழகியவர் அல்லவா, இம்மியும் பிசகவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. நல்ல ரிப்போர்ட்டோடு வெளியே போய், ரங்கசாமி அண்ணன் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடக்கட்டுமே. அப்போதுதான் அந்த லேத்தும், பக்கத்தில் ஆடிய சட்டைக்கையும் ஞாபகம் வந்தன.

"நாற்காலியச் செவுத்துப் பக்கமாத் திருப்பிப் போடுங்க கண்ணு" என்றேன்.

அவள் உள்ளே போய்த் திருப்பினாள். திரும்புவதற்கு முன்னால் இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் வந்து உட்கார்ந்து பெட்டியைத் திருகினாள். எனக்கு அவருடைய முதுகும், நாற்காலிக் கையில் இருந்த கட்டைவிரலும்தான் தெரிந்தன. விரல் அசையவில்லை. இன்னும் கூட்டினாள். அசையவில்லை. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது. மேலும் கூட்டினாள். கதவிடுக்கு வழியாக, அவர் தலையில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த கீச்சொலி வெளியே நின்றிருந்த எனக்கே கேட்டது. அவள் பெட்டியை அதன் கடைசி வரைக்கும் திருகினாள்.

சுவரைப் பார்த்தபடியே இவர் கேட்டார்.

"ஏன் கண்ணு, இன்னும் ஆரம்பிக்கலியா?"